பாதி விலைக்கு வரும் பிரித்த கேம் சிடி: வாங்குவதற்கு முன்னும் பார்சல் வந்த பின்னும்

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற கேம் பிஎஸ் ஃபோருக்கு, அதாவது டிவியோடு இணைத்து ஆடும் சோனியின் பிளேஸ்டேஷன் 4 கன்சோலுக்கு, இரண்டு சிடிகளில் வருகிறது. ஒன்று டேட்டா டிஸ்க், இன்னொன்று பிளே டிஸ்க். முதலாவதைப் போட்டுக் கன்சோலுக்குள் ஏற்ற வேண்டும், இரண்டாவதைப் போட்டு ஆட வேண்டும். 2018இல் கேம் வெளியான நாளிலிருந்து ஊருக்கே தெரிந்த விஷயம் இது. எனக்குத்தான் தெரியவில்லை.

பங்குனியில் ஓர் ஆன்லைன் தளத்தின் தள்ளுபடி விற்பனையில் அதை வாங்கினேன். 'ஓப்பன் பாக்ஸ், புதியது போல' என்று போட்டிருந்தது. ஒருவர் வாங்கிப் பிரித்துத் திருப்பி அனுப்பிய சரக்கு என்று அர்த்தம். புதுசின் விலையில் பாதிதான். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிற மச்சினனுக்குச் செமஸ்டர் முடிந்ததும் கொடுக்கலாம் என்று எண்ணம். பார்சல் வந்த அன்று டப்பாவைத் திறந்து பார்த்தேன். சிடி பளபளவென்று இருந்தது. மூடி, பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். செமஸ்டர் முடிந்து வந்தவன் ஆசையாகக் கன்சோலில் போட்டான். ஐந்து நிமிடத்தில் அறையிலிருந்து குரல் வந்தது: "டேட்டா டிஸ்க் எங்கீங்க மாமா?"

டேட்டா டிஸ்க் முன்பு வாங்கித் திருப்பி அனுப்பியவரோடு போய்விட்டது. திருப்பிக் கொடுக்க 7 நாள் கெடு. அன்றைக்கு 38ஆம் நாள்.

என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, மாடு பிடிக்கக் கண்ணபுரம் சந்தைக்குப் போவார். சின்ன வயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். வாயைத் திறந்து பல்லை எண்ணுவார், சுழி பார்ப்பார், கடைசியில் கயிற்றை வாங்கி நாலு எட்டு நடக்கவிடுவார். தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். "நிக்கற மாடு எல்லாம் நல்ல மாடுதான் கண்ணு, நடக்க உட்டுப் பாக்கோணும்" என்பார். நான் நிற்கிற மாட்டைப் பார்த்துவிட்டு ஓட்டி வந்தவன்.

திரும்பி வந்த கேம் சிடி வியாபாரத்தில் விலை குறைவதே நடக்க விடாமல் வாங்குகிறீர்கள் என்பதற்காகத்தான். நடக்க விடுவது உங்கள் வீட்டில், பார்சல் வந்த பிறகு, கெடு முடிவதற்குள் நடக்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது, மீதி அந்த ஏழெட்டு நாளில் செய்ய வேண்டியது.

திரும்பி வந்த சிடி எங்கே சுற்றிவிட்டு வருகிறது

திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியன் வாங்கியவர்களுக்குத் தெரியும். விரித்துப் பார்த்தால் போதும், ஓட்டை எங்கே, சாயம் எங்கே பிடிக்கவில்லை, தையல் எங்கே விட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். குறை தெரிந்துதான் விலை பேசுகிறோம். கேம் சிடியில் குறை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. சிக்கலே அதுதான்.

மனிதர்கள் கேமைத் திருப்பி அனுப்பப் பல காரணங்கள். பிறந்தநாளுக்கு ஒரே கேம் இரண்டு வந்திருக்கும். பிஎஸ் ஃபோர் வைத்திருப்பவர் தெரியாமல் பிஎஸ் ஃபைவ் சிடி வாங்கியிருப்பார். சிடி போடவே வழியில்லாத கன்சோலுக்குச் சிடி வாங்கியவரும் உண்டு. மூன்றே நாளில் ஆடி முடித்துவிட்டு 'பிடிக்கவில்லை' என்று திருப்பியவரும் உண்டு. இவையெல்லாம் நமக்கு நல்ல சரக்கு. ஆனால் அதே வரிசையில் உள்ளே சீட்டில் இருந்த 'கோடு' எண்ணை (ஒருமுறை அடித்தால் தீர்ந்துபோகும் எண்) பயன்படுத்திக்கொண்டவர், கீறல் விழுந்ததால் அனுப்பியவர், நல்ல சிடியை எடுத்துக்கொண்டு வேறு சிடியை உள்ளே வைத்தவர் எல்லாரும் நிற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒட்டப்படும் லேபிள் ஒன்றே: ஓப்பன் பாக்ஸ்.

சிடியை மாற்றி வைப்பது ஏன் இவ்வளவு சுலபம்? ஃபோனைத் திருப்பிக் கொடுத்தால் ஐஎம்இஐ எண்ணை ஒத்துப் பார்க்கலாம். கேம் சிடியில் அப்படி ஒவ்வொரு பிரதிக்கும் வாசலில் நின்று ஒத்துப் பார்க்கிற எண் கிடையாது. பிக்கப் வருகிற தம்பி அட்டைப் படத்தைப் பார்ப்பார், ஆட்டிப் பார்ப்பார், கையெழுத்து வாங்குவார். எடை போட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. கல்யாண வீடியோ டிவிடியும் 5,000 ரூபாய் கேம் சிடியும் ஒரே 12 சென்டிமீட்டர் வட்டம், ஒரே 1.2 மில்லிமீட்டர் கனம்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அமேசான் திரும்பி வந்த சரக்குக்கென்றே தனிப் பிரிவு வைத்து விற்கிறது. நம் பக்கம் பெரும்பாலும் இப்படிப்பட்ட சரக்கு மூட்டை மூட்டையாகக் கைமாறி, சின்ன விற்பனையாளர்கள் வழியாகத் தளத்துக்குத் திரும்பி வருகிறது. நடுவில் யாராவது புது பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டால் 'சீல் பிரிக்காதது' ஆகிவிடும். உறையைச் சுருக்கி ஒட்டுகிற மெஷின் ஈரோட்டில் மஞ்சள்தூள் பாக்கெட் போடுகிறவரிடமே இருக்கும். அதனால் உறை இருக்கிறதே என்று மயங்க வேண்டாம்.

முதல் படி: எதை இப்படி வாங்கவே கூடாது

கம்ப்யூட்டர் கேம் என்றால் அடுத்த வரியைப் படிக்க வேண்டியதில்லை, விட்டுவிடுங்கள். 2004இல் ஹாஃப் லைஃப் 2 வந்தபோதே டப்பாவில் வாங்கினாலும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையின் கணக்கில் பதிந்தால்தான் ஆட முடியும் என்றாகிவிட்டது. இப்போது டப்பாவுக்குள் பல சமயம் சிடியே இருக்காது, ஒரு சீட்டில் கோடு மட்டும் இருக்கும். முதல் ஆள் அதை அடித்துவிட்டால் கேம் அவர் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு வருவது அட்டைப்பெட்டி.

கன்சோல் கேமிலும் 'டீலக்ஸ்', 'கோல்ட்' எடிஷன்களுக்கு இதே கதை. கூடுதல் உடை, கூடுதல் கதைப் பகுதி எல்லாம் ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் கோடாக உள்ளே வரும். திரும்பி வந்த டீலக்ஸுக்குச் சாதா எடிஷன் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கன்சோலில் சிடி போட இடம் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். பிஎஸ் ஃபைவ் டிஜிட்டல் எடிஷனிலும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்ஸிலும் கிடையாது. பிஎஸ் ஃபோர் சிடி பிஎஸ் ஃபைவில் ஓடும், பிஎஸ் ஃபைவ் சிடி பிஎஸ் ஃபோரில் ஓடாது. திரும்பி வருகிற சரக்கில் ஒரு பங்கு இந்தக் குழப்பத்தில் வருவதுதான்.

அடுத்தது செத்துப்போன கேம். விலை அநியாயத்துக்குக் குறைவாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். தி க்ரூ என்ற கார் பந்தய கேம் 2014இல் வந்தது. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வர்களை நிறுத்தினார்கள். தனியாக ஆடுவதற்கும் சர்வர் தேவைப்பட்ட கேம் என்பதால் கீறலே இல்லாத சிடி இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. கான்கார்ட் இன்னும் பரிதாபம்: 2024 ஆகஸ்ட் 23இல் வெளியாகி, செப்டம்பர் 6இல் நிறுத்தப்பட்டது. வாங்கியவர்களுக்கு சோனி பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. சிடிகள் மட்டும் உலகத்தில் மிச்சம். கேமின் பெயரோடு 'சர்வர்' என்று சேர்த்து ஒருமுறை தேடிவிட்டு வாங்குங்கள்.

இன்னொரு வகை, உயிரோடு இருக்கும், ஆனால் சிடியில் ஒன்றுமே இருக்காது. 2022இல் வந்த கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 கேமின் பிஎஸ் ஃபைவ் சிடியில் இருந்தது சுமார் 70 எம்பிதான். மீதி முழுவதும் டவுன்லோடு. வீட்டில் ஃபைபர் இருந்தால் பரவாயில்லை. கோபிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் ஃபோன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர் சிடி வாங்குவதே டவுன்லோடு செய்ய வேண்டாம் என்பதற்காகத்தானே?

நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்குக் கீறல் கவலை இல்லை, அது சின்ன அட்டை. கவலை வேறு. ஒவ்வொரு அட்டைக்கும் தனி அடையாளச் சான்று உள்ளே இருக்கிறது. ஒருவர் நல்ல அட்டையை வாங்கி, அதை நகலெடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டால், ஒரே அடையாளம் இரண்டு இடத்தில் ஆன்லைனில் தெரியும். அப்போது தடை உங்கள் கன்சோல் மீதும் விழலாம். ஸ்விட்ச் 2க்கு வரும் 'கேம் கீ' அட்டைகளில் கேம் கிடையாது, சாவி மட்டும்தான். அது கணக்கோடு ஒட்டாது என்பதால் கைமாற்றலாம். ஆனால் அட்டையே இல்லாமல் கோடு மட்டும் வைத்து விற்கும் டப்பாக்களும் உண்டு. அவை திரும்பி வந்தால் குப்பை.

இரண்டாம் படி: விளம்பரத்தைக் கடைசி வரி வரை படித்தல்

படம் கம்பெனிப் படமா, விற்பவர் எடுத்த படமா? கம்பெனிப் படம் மட்டும் இருந்தால் அந்தப் பிரதியை யாருமே திறந்து பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்கும் வசதி இருந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள்: எத்தனை சிடி இருக்கிறது? சிடியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? எந்த நாட்டுப் பிரதி? பதில் எழுத்தில், தளத்துக்குள்ளேயே வரட்டும். 'நம்பர் கொடுங்க, வாட்ஸ்அப்ல பேசலாம்' என்பவரை அங்கேயே விட்டுவிடுங்கள். தளத்துக்கு வெளியே யுபிஐயில் அனுப்பிய பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது.

இரண்டு சிடி கேம்களை நினைவில் வையுங்கள். நான் ஏமாந்தது தவிர, தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2, ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக் ஆகியவையும் பிஎஸ் ஃபோரில் இரண்டு சிடிதான்.

'லைக் நியூ', 'வெரி குட்', 'ஆக்செப்டபிள்' என்ற தரங்களைப் பற்றி என் கருத்து: கேமைப் பொறுத்தவரை இவை டப்பாவின் தரம். அட்டை கிழிந்த 'ஆக்செப்டபிள்' சிடி அருமையாக ஓடுவதும், கண்ணாடி போன்ற டப்பாவுக்குள் ஓடாத சிடி இருப்பதும் சகஜம். டப்பாவை அலமாரியில் அடுக்கி அழகு பார்ப்பவர் அல்ல என்றால் மூலை நசுங்கியதையே தேடி வாங்கலாம். அங்கேதான் உண்மையான தள்ளுபடி இருக்கிறது.

அடுத்து, திருப்பும் விதி. 'பணம் திரும்பக் கிடைக்கும்' என்பதும் 'மாற்றித் தரப்படும்' என்பதும் வேறு வேறு. கேம், சாஃப்ட்வேர் வகைக்குச் சில தளங்கள் மாற்றித் தருவதோடு நிறுத்திக்கொள்ளும். ஒரே ஒரு பிரதிதான் இருக்கும் ஓப்பன் பாக்ஸ் சரக்கை எதைக் கொண்டு மாற்றுவார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். உங்கள் பின்கோடுக்கு ரிட்டர்ன் பிக்கப் உண்டா என்றும் பாருங்கள். காந்திபுரத்தில் இருப்பவர் இதை யோசிக்க மாட்டார். வால்பாறையிலோ தாளவாடியிலோ இருப்பவர் தானே கூரியர் போட வேண்டி வந்தால் தள்ளுபடியில் ஒரு பகுதி மலையிறங்கிவிடும்.

நாட்டுப் பிரதி விஷயம்: பிஎஸ் ஃபோர், பிஎஸ் ஃபைவ் சிடிகள் எந்த நாட்டில் வாங்கினாலும் நம் கன்சோலில் ஓடும். ஆனால் பிறகு காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதிகள் சிடியின் பிராந்தியமும் உங்கள் கணக்கின் பிராந்தியமும் ஒத்துப்போனால்தான் சேரும். பிஎஸ் ஃபோர் டப்பாவின் பின்பக்கம் உருண்டைப் படத்தில் ஓர் எண் இருக்கும். 1 அமெரிக்கா, 2 ஐரோப்பா, 3 ஆசியா. முறைப்படி இங்கே விற்க வந்த பிரதியில் எம்.ஆர்.பி.யும் இறக்குமதியாளர் முகவரியும் அச்சிட்டிருக்கும். இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து யாரோ பெட்டியில் கொண்டுவந்த சரக்கு. அதுவே குற்றமில்லை, தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: கணக்கு

சோனியின் சொந்த பிஎஸ் ஃபைவ் கேம்கள் பல 4,999 ரூபாய் எம்.ஆர்.பி.யில் வந்தவை. திரும்பி வந்தது 3,900க்குக் கிடைக்கிறது என்றால் எனக்கு அது தள்ளுபடியே இல்லை. புதுசை வாங்கி, ஆடி முடித்துக் கைமாற்றினால் அதைவிட லாபம். என் அளவுகோல் பாதி விலை. அதற்கு மேல் என்றால் விட்டுவிடுவேன். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் பழைய கேம்களுக்குத் தள்ளுபடி வரும்போது சிடியைவிட மலிவாக விழுவதும் உண்டு, அங்கேயும் பாருங்கள். ஆனால் டிஜிட்டலில் டவுன்லோடு தொடங்கிவிட்டால் பணம் திரும்பாது என்பதுதான் சோனியின் விதி. தொடங்காமல் இருந்தால் 14 நாள் அவகாசம். கம்ப்யூட்டரில் ஆடுபவருக்கு ஸ்டீம் கொஞ்சம் தாராளம்: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பலாம்.

நான்காம் படி: பார்சல் வந்த அன்று

ஊருக்குப் போகிற வாரத்தில் பார்சல் வருகிற மாதிரி ஆர்டர் போடாதீர்கள். பொங்கல், தீபாவளித் தள்ளுபடியில் வாங்கி, நோம்பி முடிந்து பிரித்தால் கெடு முடிந்திருக்கும். பரிசாகக் கொடுப்பதாக இருந்தாலும் நீங்களே பிரித்துச் சோதித்துவிடுங்கள். பிரித்த சரக்கைத்தானே வாங்கினீர்கள், மறுபடி பிரிப்பதில் வெட்கம் என்ன?

பிரிக்கும்போது வீடியோ, நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக. ஃபோனைச் செம்பிலோ புத்தகத்திலோ சாய்த்து வைத்துவிடுங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் கூரியர் லேபிளின் எண் படிக்கும்படி தெரிய வேண்டும். பிறகு பெட்டியின் ஆறு பக்கமும். பிறகு டேப்பை வெட்டுவது, டப்பாவை எடுப்பது, திறப்பது, சிடியின் மேல்பக்கம், அடிப்பக்கம், உள்ளே இருக்கும் சீட்டுகள். டப்பா காட்சியிலிருந்து ஒரு நொடிகூட வெளியே போகக் கூடாது. வீடியோவை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு எல்லா வாதத்துக்கும் இது ஒன்றுதான் சாட்சி. என்னிடம் இல்லாமல் போனதும் இதுதான்.

'சீல் பிரிக்காதது' என்று வந்திருந்தால் உறையைக் கவனியுங்கள். தொழிற்சாலை உறை பெரும்பாலும் பொட்டலம் கட்டியது போல இரு முனையிலும் மடித்து ஒட்டியிருக்கும். கடை மெஷினில் சுருக்கிய உறையில் ஓரத்தில் உருகிய கோடும், காற்றுப் போகக் குட்டித் துளைகளும் தெரியும்.

ஐந்தாம் படி: பல் பிடித்துப் பார்ப்பது

நாம் வட்டமாக இருக்கும் எல்லாவற்றையும் சிடி என்கிறோம், இங்கேயும் அப்படியே எழுதி வருகிறேன். ஆனால் சிடி, டிவிடி, ப்ளூரே மூன்றுக்கும் உடம்பு வேறு. எந்தக் கீறல் ஆபத்து, எது சும்மா என்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

பழைய சிடியில் தகவல் இருக்கும் படலம் மேலே, படம் அச்சிட்ட பக்கத்துக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. அடியில் 1.2 மில்லிமீட்டர் கனத்துக்குப் பிளாஸ்டிக் காவல். அதனால் அடிப்பக்கக் கீறலைவிடப் படத்தின் மேல் விழுந்த கீறல்தான் உயிரை எடுக்கும். முதல் பிளேஸ்டேஷனின் கேம்கள் இந்த ரகம், அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். டிவிடியில் படலம் நடுவில், அடியிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே. பிஎஸ் டூ கேம்களில் பெரும்பாலானவையும் எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களும் இப்படி. லேசான கீறல் என்றால் பாலிஷ் போட்டுத் தேற்றலாம், தேய்க்கப் பிளாஸ்டிக் இருக்கிறது. பிஎஸ் த்ரீ, ஃபோர், ஃபைவ், எக்ஸ்பாக்ஸ் ஒன் எல்லாம் ப்ளூரே. அதில் படலம் அடிப்பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது. அதைக் காக்கக் கெட்டியான பூச்சு பூசியிருப்பதால் சாதாரணமாகக் கீறல் விழாது. விழுந்துவிட்டால் தேய்க்க அங்கே கனம் இல்லை. ஆகவே பிஎஸ் ஃபோர் சிடியைப் 'பாலிஷ் போட்டது' என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அது வாங்காமல் இருப்பதற்கான காரணம். பற்பசை வைத்தியமும் வேண்டாம்.

இப்போது கையில் எடுங்கள். ஓரத்தைப் பிடித்து, விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். மையத்திலிருந்து ஓரத்தை நோக்கி நேராக ஓடும் மெல்லிய கோடு பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. தடத்தோடு வட்டமாகச் சுற்றும் கீறல்தான் கெட்டது. நகத்தால் தடவினால் மாட்டுகிற எதுவும் கெட்டது. பிறகு இருட்டில் ஃபோன் டார்ச்சைப் பின்னால் வைத்துப் பாருங்கள். ஊசி முனை போல வெளிச்சம் பொத்துக்கொண்டு வந்தால் படலம் உதிர்ந்திருக்கிறது. கடைசியாக நடு ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கமான டப்பாவிலிருந்து வளைத்து வளைத்துப் பிடுங்கியவர் கையில் வருவது அது. விரிசல் உள்ளதைக் கன்சோலில் போடவே போடாதீர்கள், வேகமாகச் சுற்றும்போது உள்ளே உடைந்தால் சிடியோடு டிரைவும் போகும்.

ஆள் மாறாட்டத்தைக் கண்டுபிடிக்க, சிடியின் முகத்தில் பொடி எழுத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். பிஎஸ் ஃபோருக்குச் சியுஎஸ்ஏ (CUSA) என்றும் பிஎஸ் ஃபைவுக்குப் பிபிஎஸ்ஏ (PPSA) என்றும் தொடங்கும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். ஆண்டுக்கு ஒன்று வரும் கால்பந்து, கிரிக்கெட் கேம்களில் இதைக் கட்டாயம் பாருங்கள். போன வருஷத்துச் சிடியை இந்த வருஷத்து டப்பாவில் வைத்தால் வேகமாகப் பார்ப்பவருக்குத் தெரியாது.

அழுக்கோ விரல் ரேகையோ இருந்தால் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வேட்டி முனை, பனியன் எல்லாம் வேண்டாம், அதில் ஒட்டியிருக்கும் தூசியே கீறிவிடும்.

ஆறாம் படி: நடக்க விடுவது

வைஃபையை அணைத்துவிட்டுச் சிடியைப் போடுங்கள். இணையம் இருந்தால் கன்சோல் ஒரு பக்கம் அப்டேட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். எது சிடியிலிருந்து வந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. இணையம் இல்லாமல் ஏற்றினால் சிடியில் உள்ளது முழுவதையும் கன்சோல் படித்தாக வேண்டும். பிஎஸ் ஃபோர், ஃபைவில் இதைவிட நல்ல சோதனை கிடையாது.

திரையில் ஏறும் அளவைக் காட்டும் பட்டை ஓரளவு நகர்ந்ததுமே 'ஆடலாம்' என்று காட்டும். அவசரப்படாதீர்கள். கடைசி வரை ஏறட்டும். ஒரே சதவீதத்தில் வெகு நேரம் நின்றால், அல்லது டிரைவ் 'கர்ர்… கர்ர்' என்று திரும்பத் திரும்ப முனகினால், சிடியை எடுத்துத் துடைத்து மறுபடி முயலுங்கள். அதே இடத்தில் நின்றால் நன்றாக ஓடும் உங்கள் பழைய சிடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதுவும் திணறினால் குறை உங்கள் டிரைவில். அப்பாவி விற்பனையாளரோடு சண்டை போட வேண்டாம். பழையது ஓடி, இது மட்டும் நின்றால் கன்சோலின் திரையை வீடியோ எடுத்துவிடுங்கள்.

ஏறி முடிந்ததும் அரை மணி நேரம் ஆடிவிட்டு, சிடியை வெளியே எடுத்து மறுபடி போட்டு, திரும்பவும் கேமைத் திறந்து பாருங்கள். அதற்குப் பின் இணையத்தை இணைத்து அப்டேட் போடலாம்.

பிஎஸ் டூ, எக்ஸ்பாக்ஸ் 360 காலத்து கேம்களுக்கு இது பொருந்தாது. அவை பெரும்பாலும் ஆடும்போதுதான் சிடியைப் படிக்கும். முதல் மைதானம் நன்றாக ஓடி, எட்டாவது மைதானத்தில் உறைந்து நிற்கலாம். வாரம் முழுக்க ஆடாமல் சொல்ல முடியாது. அதனால் பழைய கேம்களை நான் ஆன்லைனில் வாங்குவதே இல்லை. அடிப்பக்கம் ஊதா நிறமாக இருந்தால் அது வீட்டில் எரித்த நகல் டிவிடியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பிஎஸ் டூவில் நீல நிற அடிப்பக்கம் மட்டும் விதிவிலக்கு. அதில் சிடியாக வந்த அசல் கேம்களே அந்த நிறம்தான்.

ஏழாம் படி: சரியில்லை என்றால்

அன்றைக்கே தளத்துக்குள் புகார் பதியுங்கள். ஃபோனில் பேசினாலும் எழுத்திலும் ஒன்று இருக்கட்டும். கோபம் வேண்டாம், கதை வேண்டாம். இப்படி நாலு வரி போதும்: 'இன்ன ஆர்டர் எண்ணில், இன்ன தேதி வந்த பார்சலில், விளம்பரத்தில் சொன்ன இரண்டு சிடியில் ஒன்று இல்லை. பிரித்த வீடியோவும் படங்களும் இணைத்திருக்கிறேன். பணத்தைத் திருப்பித் தரவும். புகார் எண்ணைத் தெரிவிக்கவும்.' காரணம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'பிடிக்கவில்லை', 'மனம் மாறிவிட்டது' என்பவற்றைத் தொடாதீர்கள். 'குறையுள்ள பொருள்' அல்லது 'பாகம் இல்லை' என்பதைத்தான் தொட வேண்டும். ஏனென்றால் சட்டம் உங்கள் பக்கம் நிற்பது அந்த வார்த்தைகளுக்குத்தான். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால், விற்பனையாளர் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது. ஓப்பன் பாக்ஸ் என்பது அதற்கு விலக்கு ஆகாது. 'இரண்டு சிடி' என்று சொல்லி விற்றால் இரண்டு சிடி இருக்க வேண்டும்.

தளத்துக்குக் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிதான். விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றையும் தளம் காட்டியாக வேண்டும். அதை ஆர்டர் போடும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், விளம்பரத்தையும் சேர்த்து. ஓப்பன் பாக்ஸ் விளம்பரம் விற்றதும் மறைந்துவிடும்.

பேச்சு நகரவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பல கம்பெனிகள் அங்கிருந்து புகார் போனதும் வேகமாக அசைகின்றன. கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் டிஸ்ப்யூட்டும், அதாவது அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகாரும், போடலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டாயிரம் ரூபாய் சிடிக்கு அங்கே போவீர்களா என்பது உங்கள் பிடிவாதத்தைப் பொறுத்தது. எங்கள் ஊரில் பத்து ரூபாய் பாக்கிக்குப் பத்து வருஷம் பேசாமல் இருந்த பங்காளிகள் உண்டு.

என் கதையில் கெடு போய்விட்டது, வீடியோவும் இல்லை. 'பொருள் சரியாக இருந்ததாகப் பதிவு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மச்சினன்தான் விடவில்லை. கேம் ஆடுகிறவர்கள் குழுவில் கேட்டுக் கேட்டு, உடுமலையில் ஒருவரைப் பிடித்தான். அவரிடம் பிளே டிஸ்க் உடைந்து டேட்டா டிஸ்க் மட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். பஸ் ஸ்டாண்டு டீக்கடை வாசலில் வைத்து, சியுஎஸ்ஏ எண்ணை ஒத்துப் பார்த்து, டார்ச் அடித்து, நடு ஓட்டையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். "ஏனுங்க, நகைக்கடையில கூட இப்படிப் பாக்க மாட்டாங்களே" என்றார் அவர். 200 ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து வைஃபையை அணைத்துவிட்டுச் சிடியைப் போட்டோம். மச்சினன் கால் நீட்டி உட்கார்ந்து, ஏறுகிற சதவீதத்தை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.